கேரித் தீவின் மான் வேட்டையும் இன்றைய கம்பிக் கண்ணியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்மைக் காலமாக எங்கள் பந்திங் வட்டாரத்தில் இளைஞர்கள் சிலர் இரவு வேளைகளில் செம்பனைத் தோட்டங்களுக்குள் புகுந்து, கம்பிக் கண்ணி வைத்துச் சருகுமான்களைப் பிடிப்பதையும், செத்துக் கிடக்கும் அந்தச் சின்ன உயிர்களின் படங்களைக் கைப்பேசியில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வதையும், யாராவது கேட்டால் "எங்கள் தாத்தா காலத்திலிருந்து நடப்பதுதானே" என்று பதில் சொல்வதையும் கேள்விப்பட்டு மனம் வருந்துகிறேன். அந்தத் தாத்தாக்களோடு கேரித் தீவில் மான் வேட்டைக்குப் போனவர்களில் இன்னும் உயிரோடு இருக்கும் சிலரில் நானும் ஒருவன். அந்த வேட்டையை நான் மறைக்கவும் இல்லை, அதற்காக வெட்கப்படவும் இல்லை. என் இளமையின் மிக இனிய நினைவுகளில் அதுவும் ஒன்று. அந்த நினைவைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு இன்று நடக்கும் காரியம் வேறு என்பதைச் சொல்லவே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

கிள்ளான் துறைமுகத்திற்குத் தெற்கே, லங்காட் ஆற்றின் கிளைகளுக்கும் மலாக்கா நீரிணைக்கும் நடுவே கிடக்கும் கேரித் தீவுக்கு இன்று பாலத்தின் வழியாகச் சில நிமிடங்களில் போய்விடலாம் என்பதால், அது ஒரு தீவு என்ற எண்ணமே இளைய தலைமுறைக்கு இல்லை. எட்வர்டு வாலன்டைன் கேரி என்ற ஆங்கிலேயத் தோட்ட முதலாளியின் பெயரைத் தாங்கியிருக்கும் அந்த மண், கடல்மட்டத்தை ஒட்டிய களிமண் பூமி. பொங்கும் கடல் உள்ளே புகாதபடி கரையோரமாக மண்ணணை எழுப்பி, மதகுகள் வைத்து, குறுக்கும் நெடுக்குமாக வாய்க்கால் வெட்டித்தான் அதைத் தோட்டமாக்கினார்கள். அந்த அணையைப் போட்ட கைகளிலும் அந்த வாய்க்கால்களை வெட்டிய கைகளிலும் நம் மக்களின் கைகள் எத்தனை என்பதை நான் இங்கே விரிக்கப் போவதில்லை. அது தனியே எழுதப்பட வேண்டிய வரலாறு. மான்களைப் பொறுத்தவரை முக்கியமானது ஒன்றுதான். அணைக்கு வெளியே பாக்காவ் மரங்கள் அடர்ந்த சதுப்புக் காடு, அணைக்கு உள்ளே கித்தா எனும் ரப்பரும் தென்னையும் செம்பனையும், இரண்டுக்கும் நடுவே லாலான் புல்லும் புதரும் மண்டிய வெளிகள் என்றிருந்த அந்த அமைப்பில், பகலில் ஒளிந்துகொள்ள ஓர் இடமும் அந்தியில் மேய இன்னோர் இடமும் மான்களுக்கு அருகருகே கிடைத்தன.

கம்யூனிஸ்டுகளின் ஆயுதப் போராட்டத்தை ஒடுக்கப் பிறப்பிக்கப்பட்ட அவசரகாலம் 1960-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் முடிவுக்கு வரும் வரை எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் இருந்த நாளில் துப்பாக்கியோடு காட்டுக்குள் போகிறவனை யார் என்னவென்று நினைப்பார்கள்? அதன் பிறகுதான், உரிமம் பெற்ற வேட்டைத் துப்பாக்கி வைத்திருந்த ஓரிருவரைச் சுற்றி தொழிலாளர் குடியிருப்புகளான எங்கள் லயங்களில் ஒரு வேட்டைக் கூட்டம் உருவாயிற்று. காட்டுப்பன்றிகள் இளஞ்செம்பனைக் கன்றுகளின் குருத்தைத் தோண்டித் தின்று நாசம் செய்ததால், பன்றி சுடுவதற்கு நிர்வாகமே ஆதரவாக இருந்தது. பன்றிக்கென்று போன கூட்டத்துக்கு மான் கிடைப்பது அரிதான நாள்களில்தான். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அன்று தீவில் மான்கள் மந்தை மந்தையாகத் திரிந்தன என்றும் நாங்கள் வாரந்தோறும் மான் தின்றோம் என்றும் கதை கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பல ஞாயிற்றுக்கிழமைகளில் வெறுங்கையோடுதான் திரும்பினோம்.

வேட்டை என்றால் சனிக்கிழமை இரவே வீட்டில் அது தெரிந்துவிடும். என் தகப்பனார் பாராங் கத்தியைச் சாணைக்கல்லில் தீட்டுவார். அம்மா மறுநாளுக்கான சோற்றையும் கருவாட்டுத் துவையலையும் தூக்குச் சட்டியில் கட்டி வைப்பார். விடியுமுன்னே லயத்து முனியாண்டி கோயிலில் சூடம் ஏற்றி, சுருட்டு ஒன்று வைத்துக் கும்பிட்டுவிட்டு, நாய்களோடு சம்பானில் ஆற்றைக் கடப்போம். அக்கரையில் மஹ் மெரி இனத்துப் பெரியவர் ஒருவர் எங்களுக்காகக் காத்திருப்பார். மரத்தில் முகமூடியும் உருவங்களும் செதுக்குவதில் இன்று உலகப் புகழ் பெற்றிருக்கும் அந்தப் பூர்வகுடி மக்கள்தாம் தீவின் உண்மையான சொந்தக்காரர்கள். அவர்களின் ஊர்த்தலைவரான பாத்தினுக்குச் சொல்லாமல் நாங்கள் ஒருநாளும் காட்டுக்குள் காலெடுத்து வைத்ததில்லை. அந்தப் பெரியவரை நாங்கள் எல்லாரும் தோக் என்றுதான் அழைப்போம். எங்கள் கூட்டத்துக்குத் தலைவர் துப்பாக்கிக்காரர் அல்லர், அவரே. அவர் போகலாம் என்றால் போவோம். மண்ணைப் பார்த்துவிட்டு இன்று வேண்டாம் என்று தலையசைத்தால், ஆற்றில் தூண்டில் போட்டுவிட்டுத் திரும்பிவிடுவோம்.

சருகுமானை அவர் அழைத்த விதத்தை நான் இன்றும் கண்ணை மூடினால் காண்கிறேன். அது இரண்டு கிலோ எடைகூட எட்டாத, கொம்பில்லாத, பென்சில் பருமனே உள்ள கால்களைக் கொண்ட உயிர். ஆபத்தோ கோபமோ வரும்போது பின்னங்கால்களால் தரையை மிக வேகமாகத் தட்டும் பழக்கம் அதற்கு உண்டு. தோக் காற்றுக்கு எதிர்த்திசையில் ஒரு மரத்தின் வேருக்குப் பின்னால் உட்கார்ந்து, முன்னால் கிடக்கும் காய்ந்த இலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இரண்டு சிறு குச்சிகளால் அதே வேகத்தில் தட்டுவார். தட்டுவார், நிறுத்துவார், கேட்பார். எங்களில் யாரும் மூச்சுகூட உரக்க விடக் கூடாது. கொசு கன்னத்தில் உட்கார்ந்து குடித்தாலும் கையைத் தூக்கக் கூடாது. கால் மரத்துப்போய், இனி எதுவும் வராது என்று நினைக்கும் நேரத்தில், புதருக்கு அடியில் இலை அசையாமலேயே அது வந்து நிற்கும். தன் இடத்தில் வேறொரு கிடா நுழைந்துவிட்டதாக எண்ணிச் சண்டைக்கு வந்திருக்கும் ஆணாக இருந்தால், மேல்வாயிலிருந்து கீழ்நோக்கி நீண்ட மெல்லிய கோரைப் பற்கள் தெரியும்.

ஒரு காலையில் அப்படி வந்து நின்ற சருகுமானை நோக்கி என் பெரியப்பா துப்பாக்கியை உயர்த்தியபோது, தோக் குச்சியைக் கீழே போடாமலேயே இடது கையால் குழலைத் தாழ்த்திவிட்டார். அதற்குக் கோரைப் பல் வெளியே தெரியவில்லை. வயிறு பக்கவாட்டில் புடைத்திருந்தது. எங்களை ஒரு நொடி பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் அது புதருக்குள் போய்விட்டது. பெரியப்பா எதுவும் பேசவில்லை. திரும்பும் வழியில் என்னிடம், "தம்பி, அவர் நிறுத்தினால் நிறுத்தத்தான் வேண்டும், நாம் வந்து போகிறவர்கள், அவர் இங்கே இருப்பவர்" என்று மட்டும் சொன்னார். பெண் சருகுமான் ஒரு குட்டியை ஈன்ற சில மணி நேரத்திலேயே மறுபடியும் சினைப்படக்கூடியது என்றும், அதன் வாழ்நாளின் பெரும்பகுதி சினையோடேயே கழியக்கூடும் என்றும், ஓர் ஈற்றுக்குப் பொதுவாக ஒரே குட்டிதான் என்றும் பிற்காலத்தில் படித்தபோது, எழுத்தறியாத அந்த மனிதர் கையால் குழலைத் தாழ்த்தியதன் முழுப் பொருளும் எனக்கு விளங்கியது.

கேளையாட்டை நாங்கள் கிஜாங் என்றுதான் சொல்வோம். அது நாய் குரைப்பது போல விட்டு விட்டுக் குரைப்பதைக் கேட்டு எங்கள் நாய்களே குழம்பி நிற்கும். கடமான், அதாவது மலாய்க்காரர்கள் சொல்லும் ரூசா, எங்கள் அனுபவத்தில் மிக அபூர்வம். அது நன்றாக நீந்தக்கூடியது என்பதால், பெருநிலத்துக் காடுகளிலிருந்து ஆற்றைக் கடந்து தீவுக்கு வந்து சேர்வதாகப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தியில் சதுப்போரத்துச் சேற்றுக் குழியில் புரண்டு எழுந்து, உடம்பெல்லாம் சேறு வழிய, கவர்க்கொம்போடு நின்ற கிடா ஒன்றை அணையின் மேலிருந்து ஒரே ஒருமுறை பார்த்தேன். துப்பாக்கி அப்போது எங்களோடு இல்லை. முன்காலால் தரையை ஓங்கி மிதித்து, உரக்க ஒரு குரல் கொடுத்துவிட்டு அது பாக்காவ் வேர்களுக்கிடையே மறைந்தது. துப்பாக்கி இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று யோசிக்கும்போதெல்லாம், இல்லாமல் போனதற்காக மகிழ்கிறேன்.

வேட்டையைவிட எனக்கு நெருக்கமான நினைவு, பங்கு போட்ட நினைவு. கிஜாங் கிடைத்த நாளில் லயத்துக்குப் பின்னால், குழாயடிக்குப் பக்கத்தில், பலகையின் மேல் வாழையிலை விரித்து எல்லார் கண்முன்னேயும்தான் கறி வெட்டப்படும். முதல் பங்கு தோக்கினுடையது. அது அக்கரையிலேயே அவர் கையில் கொடுக்கப்பட்டுவிடும். சுட்டவருக்குத் தலை. நாய்க்காரருக்கு நாய்ப் பங்கு என்று தனியே உண்டு. மீதி கறியும் எலும்பும் ஈரலும் கலந்து சமமான கூறுகளாக வைக்கப்படும். பிறகு சிறுவன் ஒருவனை அழைத்து, கூறுகளுக்கு முதுகு காட்டி நிற்க வைப்பார்கள். என் தகப்பனார் ஒரு கூறைத் தொட்டு, "இது யாருக்கு?" என்று கேட்பார், பையன் திரும்பிப் பார்க்காமல் ஒரு வீட்டின் பெயரைச் சொல்வான். அந்தக் கூறு அந்த வீட்டுக்கு. எந்தக் கூறில் எலும்பு அதிகம், எதில் சதை அதிகம் என்று ஒருவரும் வாய் திறக்க முடியாது. புருஷனை இழந்து பிள்ளைகளோடு பால் வெட்டிக்கொண்டிருந்த பெண்ணின் வீட்டுக்கும், உடம்பு முடியாமல் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வர முடியாதவரின் வீட்டுக்கும் வேட்டைக்கு ஆள் வரவில்லையே என்று பங்கு இல்லாமல் போனதாக எனக்கு நினைவில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு கையளவு கறிதான் வரும். அதை மிளகும் இஞ்சியும் தட்டிப் போட்டு விறகடுப்பில் பிரட்டும்போது, லயம் முழுவதும் ஒரே மணமாக இருக்கும். யாரும் அதை விற்றதில்லை. மான் கறிக்கு விலை உண்டு என்பதே எங்களுக்குத் தெரியாது.

அந்த நாள்கள் எப்படி முடிந்தன என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒருபக்கம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, மான் வேட்டைக்குத் தனி உரிமமும் கட்டுப்பாடுகளும் கடுமையாயின. எங்கள் கூட்டத்தில் பலர் அப்போதே நிறுத்திக்கொண்டார்கள். மறுபக்கம், கித்தா மரங்கள் வீழ்த்தப்பட்டு எங்கு பார்த்தாலும் செம்பனை வரிசைகளாக நடப்பட்டன; நடுவே இருந்த புதர்வெளிகள் களைக்கொல்லி தெளித்துச் சுத்தமாக்கப்பட்டன; மான் ஒளிந்துகொள்ளும் இடம் வாய்க்கால் ஓரத்து நாணல் அளவுக்குச் சுருங்கிப் போயிற்று. எங்கள் துப்பாக்கிக்கும் அதில் பங்கு இல்லை என்று நான் வாதாட மாட்டேன், ஆனால் இருக்குமிடத்தை இழந்த விலங்குக்கு எஞ்சியிருப்பதையும் இழக்க இன்னும் சிறிதே போதும் என்பது உறுதி. இப்போது தீவில் பெருந்துறைமுகம் ஒன்று அமைக்கும் திட்டமும் சில ஆண்டுகளாகப் பேசப்பட்டு வருகிறது.

தீபகற்ப மலேசியா முழுவதற்குமான நிலைமையும் இதிலிருந்து வேறுபட்டதன்று. கடமான், கேளையாடு இரண்டையும் வேட்டையாட உரிமம் வழங்குவதை வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் 2009-ஆம் ஆண்டிலேயே நிறுத்தி வைத்தது. அதற்கு முந்திய ஆண்டான 2008-இல்தான் கடமான் உலக அளவில் அழிவாபத்தை எதிர்நோக்கும் விலங்குகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பழைய சட்டத்திற்குப் பதிலாக 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பேணல் சட்டம் வந்தது; அதன்படி சருகுமானும் பாதுகாக்கப்பட்ட விலங்கு, உரிமம் இல்லாமல் அதைப் பிடிப்பது குற்றம், கண்ணி வைப்பதோ கடுமையான தண்டனைக்குரிய குற்றம். நம் நாட்டுக் காடுகளில் எஞ்சியுள்ள புலிகள் நூற்றைம்பதுக்கும் குறைவு என்பது 2016 முதல் 2020 வரை நடந்த தேசியப் புலிக் கணக்கெடுப்பின் முடிவு. அந்தப் புலிகளின் முக்கிய இரைகளில் கடமானும் ஒன்று. அது காட்டில் இல்லாமல் போனால் புலிக்கும் குட்டிகளை வளர்க்க வழியில்லாமல் போகும்.

கண்ணி வைக்கும் இளைஞர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். துப்பாக்கி பிடித்த மனிதன் விலங்கைக் கண்ணால் பார்க்கிறான். கிடாவா, பெண்ணா, சினையா, குட்டியா என்று பார்த்து, விட வேண்டியதை விட அவனால் முடியும். இருட்டில் கட்டிவிட்டுப் போகும் கம்பிக்குக் கண் இல்லை. சருகுமானுக்கென்று வைத்த கண்ணியில் வெருகும் மாட்டும், உடும்பும் மாட்டும், பக்கத்து வீட்டு நாயும் மாட்டும். மாட்டியது காலையிலேயே செத்துவிடுவதுமில்லை. கம்பி எலும்பு வரை இறங்க, ஓரிரு நாள் துடித்துத்தான் சாகும். வைத்தவனே மறந்துபோன கண்ணிகள் மாதக்கணக்கில் காட்டில் கிடந்து கொன்றுகொண்டே இருக்கும். உங்கள் தாத்தாக்கள் இதைச் செய்யவில்லை. அவர்கள் பாத்தினிடம் கேட்டுவிட்டுப் போனார்கள், பகலில் போனார்கள், சினையைக் கண்டு துப்பாக்கியைத் தாழ்த்தினார்கள், கிடைத்ததை லயம் முழுவதற்கும் பங்கு போட்டார்கள். அவர்களுடைய பெயரைச் சொல்லிக் கண்ணி வைக்காதீர்கள். மான் கறிக்கு நாக்கு ஏங்கினால், பண்ணைகளில் வளர்க்கப்படும் மான்களின் கறியும் நியூசிலாந்திலிருந்து இறக்குமதியாகும் கறியும் கடைகளில் கிடைக்கின்றன. வாங்கித் தாராளமாகச் சமைத்துச் சாப்பிடலாம்.

வேட்டையை மறுபடியும் அனுமதிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. என் பேரப்பிள்ளைகள் துப்பாக்கி தூக்க வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இல்லை. அன்று எங்களுக்குத் தெரிந்தவை, குளம்படி எது, எச்சம் எது, எந்தக் காற்றில் எங்கே படுக்கும், எந்தப் பழம் விழுந்தால் எங்கே வரும் என்பவையெல்லாம், எங்களோடு எரிந்துபோய்விடக் கூடாது என்பதே என் கவலை. மலாக்காவின் மாநிலச் சின்னத்தில் நிற்பது சருகுமான். பரமேஸ்வரனின் வேட்டை நாயை அது உதைத்துத் தள்ளிய கதையை நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் பாடமாகப் படிக்கிறார்கள். ஆனால் தங்கள் தோட்டத்து வாய்க்கால் கரையில் பதிந்திருக்கும், விரல் நகம் அளவேயான அதன் குளம்படியைக் காட்டினால் அவர்களில் எத்தனை பேருக்கு அடையாளம் தெரியும்?

ஆகவே, ஆசிரியர் அவர்களே, தங்கள் நாளிதழின் வழியாக இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். எங்கள் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், தோட்டத்து முதியவர்களையும் மஹ் மெரி பெரியவர்களையும் அழைத்து, மாணவர்களைக் கடலோர அணைப் பக்கமாக ஒரு காலை நடத்திச் செல்ல ஏற்பாடு செய்ய வேண்டும். பிள்ளைகள் கேட்டு எழுதிக்கொள்ளட்டும், படம் எடுத்துக்கொள்ளட்டும். மற்றொன்று, பெர்ஹிலித்தான் ஓய்வுபெற்ற படைவீரர்களையும் பூர்வகுடி மக்களையும் காட்டுக் காவலில் சேர்த்துக்கொள்ளும் திட்டத்தை நடத்தி வருகிறது. அதைப் போன்ற ஏற்பாடு நம் கடலோரத் தோட்டப் பகுதிகளுக்கும் வருமானால், ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளர்களையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். எங்களால் முன்போல ஓடியாட முடியாது. ஆனால் கண்ணி வைக்கிறவன் எந்த வரப்பில் வைப்பான், எந்த மதகுக்குப் பக்கத்தில் மான் தடம் குறுகுகிறது என்பதை நடந்து காட்ட எங்களுக்கு இன்னும் கால்கள் இருக்கின்றன. நான் கேட்டுப் பார்த்த என் பழைய கூட்டாளிகளில் ஒருவர்கூட வர மாட்டேன் என்று சொல்லவில்லை. கூப்பிட்டால் வருகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி,
பந்திங், சிலாங்கூர்.